ஆயில் எங்கிருந்து வருகிறது

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே உண்மையாக எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ நலமா? தோள்பட்டை வலி தேவலையா? நான் நலம். அப்பாவுக்கு வயரிங் வேலையில் ஏணி ஏறி ஏறி முழங்கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி சுகம்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

நீ எதையும் மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் ஒரு விசாரணை என்றால் முதலிலிருந்து எழுத வேண்டும். போன ஆகஸ்டில் நீ நம் பழைய காரின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினாய். செப்டம்பரில் ஆயில் ஒழுகத் தொடங்கியது. அக்டோபரில் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது ஆயில் தீர்ந்து, கார் சூடாகி நடுவழியில் நின்றுவிட்டது. அம்மா இரண்டு மணி நேரம் வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு பானெட்டைத் திறக்கக்கூட அப்பா உன்னை விடவில்லை. ஜனவரியில் அம்மா போய்விட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். பிப்ரவரியில், கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "அவளை ரோட்டுல உட்கார வெச்சது உன் கைதான்டா" என்று அப்பா சொன்னார். "அந்த ஒழுகல் எங்கன்னு தெரிஞ்சு நிக்கற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று நீ சொன்னாய். அன்று போனவன்தான்.

ஆகவே நான் அந்த ஒழுகலைக் கண்டுபிடிக்கப்போகிறேன். கண்டுபிடித்தால் நீ வரலாம்.

நூலகத்தில் மோட்டார் வாகனங்களைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் பதினாறு பக்கங்களைக் காணோம். எல்லாம் எஞ்சின் பக்கங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று நீதான் எழுத வேண்டும்.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் தங்கை


ஜூன் 24

அன்புள்ள நிருபருக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். பஸ் டெப்போவில் டயர் ஷெட்டுக்கு மேலே அறை கொடுத்திருக்கிறார்கள். கூட இன்னொருத்தர் இருக்கிறார், நல்ல மனிதர், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. தோள்பட்டை அதன் இடத்தில் இருக்கிறது. அப்பாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

காரை விடு. பத்தாம் வகுப்பில் படிக்க வேண்டியதைப் படி. அனுபவப்பட்ட மெக்கானிக்கே முழிக்கிற விஷயம் அது. ஆயில் கீழே சொட்டுகிற இடத்துக்கும் கசிகிற இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மேலே கசிந்து, வளைந்து நெளிந்து வந்து, வேறெங்கோ சொட்டும்.

அதனால் விட்டுவிடு.

விடமாட்டாய் என்றால் எஞ்சினை மண்ணெண்ணெய் ஊற்றி பிரஷ்ஷால் கழுவு. நன்றாகக் காயட்டும். பிறகு முழுக்க முகப்பவுடரைத் தூவு. பத்து நிமிஷம் ஓடினால் போதும். கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கோடு விழும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போ. சூடான எஞ்சினில் கை வைக்காதே. ஓடும்போது கிட்டவே போகாதே, பின்னலைத் தூக்கிக் கட்டு.

நலம் விரும்பும்,
அண்ணன்


ஜூலை 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்பும், உன் அறையில் இருக்கும் அந்த நல்ல மனிதரின் உடம்பும் எப்படி இருக்கின்றன? இங்கே நாங்கள் நலம். ஒத்தடம் கொடுத்தேன். "சூடு போதும், தோலை உரிக்காத" என்றார். அதாவது பிடித்திருந்தது.

அப்பா ஞாயிறுதோறும் காலையில் காரை ஷெட்டிலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துகிறார். எங்கும் போவதில்லை. எனவே சனிக்கிழமை கழுவினேன். பவுடர் தூவும்போது அப்பா வந்துவிட்டார்.

"என்ன பண்ற?"

"சயின்ஸ் புராஜெக்ட்."

"காருக்கு மேக்கப் போடறதா புராஜெக்ட்?"

"ஆமாப்பா. எண்ணெய் எப்படிப் பரவுதுன்னு."

குனிந்து பவுடரைப் பார்த்தார். "பிளக் மேல கொட்டாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவிடம் நான் பொய் சொன்னதையும் உண்மையாகப் பதிவு செய்கிறேன்.

முடிவு: மூன்று இடங்களில் கோடு. எஞ்சினின் தலையில் மூடியிருக்கும் தகரக் கவரின் ஓரம். முன்பக்கம் பெல்ட் சக்கரத்துக்குப் பின்னால். அப்புறம் பின்பக்கம், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். ஆயில் கறுப்பு, மெலிசு. படம் வரைந்து இணைத்திருக்கிறேன். அளவுகள் சரியானவை.

வீட்டில் சத்தமே இல்லை, அண்ணா. சாப்பிடும்போது கேட்பது இரண்டு தட்டுச் சத்தம்தான். ரேடியோ போடலாமா என்று கேட்டேன். "உனக்கு வேணும்னா போட்டுக்கோ" என்றார். எனக்கு மட்டும் வேண்டும் என்றால் எப்படிப் போடுவது?

அன்புடன்,
தங்கை


ஜூலை 30

அன்புள்ள நிருபருக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறேன். அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேல். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் நலம்தானே?

உன் படத்தை எங்கள் ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "யாருய்யா இந்த இன்ஜினியர்?" என்று கேட்டார். சொல்லவில்லை.

மேலே இருப்பதை முதலில் நிறுத்து. தலைக் கவருக்கு அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டை வாங்கி மாற்று. குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு, ஒரே பக்கமாக இறுக்காதே.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அதை என் கையால் போட்டேன். மற்றதெல்லாம் நின்று அது மட்டும் ஒழுகினால் தப்பு என்னுடையது. எனக்காக மறைக்காதே. அப்படியே எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக்கூடப் பொறுமை இல்லை. ஆனாலும் நலம்தானே?

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "வாங்க டாக்டரம்மா, பேஷண்ட் எப்படி இருக்கார்?" என்கிறார். கேஸ்கெட் மாற்றினேன். தலையில் கசிவு நின்றது. ஆனால் முன்பக்கம் இரண்டு பங்காக ஒழுகியது. முன்பக்க போல்ட்டுகளை முடுக்கினேன். புது கேஸ்கெட்டிலேயே மறுபடி கசிந்தது. ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் வருகிறது. உட்கார்ந்து அழுதேன். இது உண்மை என்பதால் எழுதுகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். போன சனிக்கிழமை ஆயில் ஊற்றிவிட்டு, வாய் மூடியைத் திருப்பி மூட மறந்து, சும்மா மேலே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அப்பா ஓடவிட்டார். மூடி எகிறிக் கீழே விழுந்து கிடந்தது. திட்டு விழும் என்று பயந்து, காருக்கு அடியில் விரித்திருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு சொட்டு இல்லை! அடுத்த நாளே மூடியை இறுக்கி, அப்பா வேலைக்குப் போன பிறகு நானே ஸ்டார்ட் செய்தேன் (மன்னித்துவிடு). ஒழுகியது. திறந்தேன். நின்றது. மூன்று தடவை.

என் முட்டாள்தனத்துக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்?

தங்கை


ஆகஸ்ட் 22

நிருபரே,

நலம். கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

மூடி திறந்தால் நிற்கிறது என்றால் எஞ்சினுக்குள் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. அந்த அழுத்தம்தான் எந்த சந்து கிடைத்தாலும் ஆயிலைத் தள்ளுகிறது. சீல் மேல் தப்பில்லை! இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். என் கை பட்ட இடத்திலேயே தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புக் குழாய் கீழ்நோக்கி இறங்கும். நுனி திறந்திருக்கும். எஞ்சின் மூச்சு விடுவது அது வழியாகத்தான். அது அடைத்திருக்கிறதா பார். குனிந்து கையைவிட்டுத் தடவினாலே தெரியும். பார்த்த அன்றே எழுது. நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அண்ணன்


செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்தது. கணக்கு சுமார். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. மழை பெய்கிறது.

குழாயைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. கார் இன்னும் ஒழுகுகிறது.

வேறு செய்தி இல்லை.

தங்கை


அக்டோபர் 5

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தில் பத்து வரிகூட இல்லை. படம் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? என் மேல் கோபமா?

குழாயில் ஒன்றும் இல்லையென்றால் சரி. அப்போது நான் போட்ட சீல்தான். அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டது நல்லது.

எங்கள் கம்பெனி ரொம்ப தூரத்தில் புது டெப்போ திறக்கிறது. மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. ஃபோர்மேன் கேட்டுக்கொண்டே இருக்கிறார், தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இனி எதற்குத் தள்ளிப் போட வேண்டும்? கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். காரை விற்றுவிடலாம் என்று அப்பாவிடம் சொல். நீ ரொம்ப சிரமப்பட்டுவிட்டாய்.

அண்ணன்


அக்டோபர் 11

அன்புள்ள அண்ணா,

கையெழுத்துப் போடாதே. மற்றதை அப்புறம் படி. முதலில் அதை நிறுத்து.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். குழாய் அடைத்திருந்தது. உன் கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன். கையை விட்டதும் துணி தட்டுப்பட்டது. வெளியே வராமல் இருக்கச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, கையில் குத்தாமல் இருக்க நுனி உள்ளே மடித்திருந்தது. அப்படிக் கம்பி முறுக்குகிற ஒரே ஒரு வயர்மேன்தான் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். துணியை இழுத்துப் பார்த்தேன். அப்பாவின் கைக்குட்டை, நாலாக மடித்தது. தொலைந்துபோகாமல் இருக்க அம்மா மூலையில் தைத்துக் கொடுத்த நீல நூல்கூட இருந்தது, ஆயிலில் கறுத்து.

ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் செப்டம்பரில் அம்மா முன் சீட்டில் இருமிக்கொண்டே வருவாள். கார் நிற்கும்போதெல்லாம் அந்தக் குழாய் விடும் ஆயில் புகை காரின் தரை ஓட்டை வழியாக உள்ளே வரும். ஒரு நாள் அப்பா சந்தோஷமாக, "இனிமே புகை வராது, ஏறு" என்றார். உண்மையாகவே வரவில்லை. "பரவாயில்லையே, வயர்மேனுக்கு எஞ்சினும் தெரியுது" என்று அம்மா சிரித்தாள். அவள் காரில் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அப்பாவுக்கு அது மறந்துவிட்டது, அண்ணா. சத்தியமாக மறந்துவிட்டது. தெரிந்திருந்தால் உன்னை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இதை எழுதினால் நீ வருவாய், ஆனால் அம்மாவை ரோட்டில் உட்கார வைத்தது தன் கை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அப்பாவோடு சாப்பிட உட்காருவது நான். அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கைக்குட்டையைத் திரும்ப உள்ளே வைத்து, கம்பியை அதே மாதிரி கட்டிவிட்டேன். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு.

அப்புறம் உனக்கு எழுத வரவில்லை. தினமும் நோட்டை எடுத்து வைப்பேன், தேதி மட்டும் போடுவேன்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

தங்கை


அக்டோபர் 20

அன்புள்ள நிருபருக்கு,

நலமாக இருக்கிறேன். அழாமல் படி.

உன் மேல் கோபம் இல்லை. அப்பா மேலும் இல்லை, எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஆளில்லாத ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

நீ எல்லாவற்றையும் எழுதியதால் நானும் ஒன்றை எழுதுகிறேன். அந்தப் புகையைப் பற்றி அப்பா முதலில் என்னிடம்தான் சொன்னார். குழாய் நுனியில் நீளமாக ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, காருக்குப் பின்னால் விட்டால் போதும். அரை மணி நேர வேலை. "அடுத்த வாரம் பண்றேன்பா" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அதனால்தான் அவர் தானே ஏதோ செய்திருக்கிறார். ஆக, அந்தக் கைக்குட்டையில் என் பங்கும் இருக்கிறது.

அதை எடுத்துத் தூர எறிந்துவிடு. சீலைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ ஒன்றும் பேசாதே. அவர் நிம்மதியாக இருக்கட்டும்.

கையெழுத்து விஷயத்தை நேரில் பேசலாம். இன்னொன்று, அறையில் கூட யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அந்த நல்ல மனிதரின் உடம்பை இனி விசாரிக்க வேண்டாம்.

அண்ணன்


நவம்பர் 4

மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு இருவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதம் வந்தது. நீ எழுதியிருப்பது பொய். நீ சீல் போட்டபோது பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். சரியாகத்தான் போட்டாய். அது அப்போதும் எனக்குத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று உன்னைச் சொன்னபோதும் தெரியும். அந்த நாளை யார் மேலாவது போட வேண்டியிருந்தது. நீ பக்கத்தில் இருந்தாய்.

சரியாகப் போட்டவன் ஏன் தப்பாகப் போட்டேன் என்று எழுதுகிறான் என்று யோசித்து, நேற்று காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். குழாய் நுனியில் கம்பி சுற்றியிருந்த தடம் மின்னியது. யாரோ புதிதாக அவிழ்த்திருக்கிறார்கள். அது என் கட்டின் தடம். பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

வைத்தது நான்தான். அவளுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. நாலு நாளில் எடுத்துவிடலாம் என்று வைத்தேன்.

சின்னதிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறாள். இன்று ரேடியோ போட்டேன்.

இத்தனை நாள் அழுத்தத்தில் பின் சீல் இப்போது நிஜமாகவே கெட்டுவிட்டது. கியர்பாக்ஸை இறக்கி மாற்ற வேண்டும். வேறு ஆள் வைத்தும் செய்யலாம். நீ வந்தால் நல்லது.

அப்பா


நவம்பர் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். இன்று முழுவதும் இங்கே இருந்தவனுக்கே இன்று நடந்ததை எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீ பாதி நேரம் காருக்கு அடியில் இருந்தாய். மேலே நடந்தது உனக்குத் தெரியாது.

நீ கேட்டைத் திறந்து நேராக ஷெட்டுக்குப் போனாய். வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா ஏற்கனவே அங்கே நின்றிருந்தார். ஆறு மணியிலிருந்து நின்றிருந்தார். "வந்துட்டியா" என்றார். "ம்" என்றாய். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நீங்கள் பேசியதெல்லாம் ஸ்பானர் நம்பர்கள்தான்.

"பதினாலு."

"அது பதிமூணுப்பா."

"பதினாலுன்னா பதினாலு."

"போட்டுப் பாருங்க."

பதினாலு சுழன்றது. பதிமூணு பிடித்தது. "கண்ணு போச்சு எனக்கு" என்றார் அப்பா. "கண்ணு போகல, ஸ்பானர் தேஞ்சிருக்கு" என்று நீ உள்ளேயிருந்து சொன்னாய். அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். உனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ காருக்கு அடியிலிருந்து எழும் ஒவ்வொரு தடவையும், உன் தலை இடிக்காமல் இருக்க அப்பா பம்பர் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஏழு தடவை. நான் எண்ணினேன். நீ வெளியே வருவதற்குள் கையை எடுத்துவிடுவார்.

மதியம் சாப்பாட்டை ஷெட்டுக்கே கொண்டு வரச் சொன்னாய். உன் சபதம் எனக்குத் தெரியும் என்பதால் நான் வாதாடவில்லை. சீல் மாற்றி, ஹோஸ் மாட்டி, ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டோம். மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. அப்பாதான் முதலில் எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டு, "உள்ள வந்து கையைக் கழுவு. சோப்பு உள்ளதான் இருக்கு" என்றார்.

நீ வந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாய். கை கழுவிக்கொண்டே, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அதைச் சொன்னாய்.

"கையெழுத்துப் போட்டாச்சுப்பா. தூரத்துல புது டெப்போ, மூணு வருஷம். வர்ற வியாழக்கிழமை கிளம்பணும்."

"எப்ப போட்டே?"

"அக்டோபர் எட்டு."

"மூணு வருஷமா?"

"ம்."

அப்பா குழாயை மூடினார். என்னைப் பார்த்து, "டவல் எடுத்துட்டு வா" என்றார்.

என் உண்மையான கடிதம் பதினொன்றாம் தேதி போட்டது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் பொய் எழுதிய நாள் வரை கணக்குப் பார்த்தேன். நான் சும்மா இருந்தது ஒரு மாதத்துக்கும் மேல். தபால் போய்ச் சேரும் நாளையும் சேர்த்துப் பத்து நாள் முந்தியிருந்தால் போதும். ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டதை நீ எதற்காகக் கடிதத்தில் எழுதாமல் விட்டாய் என்றும் புரிகிறது. இதற்கு நீ ஆறுதல் எழுதினால் நான் படிக்கமாட்டேன். நான் செய்ததை நானே வைத்துக்கொள்கிறேன்.

பஸ் நிலையத்திலிருந்து திரும்பும்போது அப்பா மெதுவாக ஓட்டினார். சிக்னலில் நின்றபோது இருவருமே மூச்சை இழுத்துப் பார்த்தோம். புகை வரவில்லை. "நல்லா பண்ணியிருக்கான்" என்றார். வீட்டில் மூன்று டம்ளர்கள் கழுவாமல் இருந்தன. ஒன்றை மட்டும் கழுவாமல் வைத்திருக்கிறேன், காரணம் கேட்காதே.

மணி ஏழரை. நான் ஜன்னல் ஓரத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறார். கூப்பிடப் போனேன். ஓட்டுகிற சீட்டில் இல்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. "நீ போய்ப் படி, நான் வர்றேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

புது இடத்தின் முகவரியைத் தெளிவாக எழுது. அங்கே குளிர் என்றால் சொல், உன் கம்பளியை அனுப்புகிறேன்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. ஷெட் விளக்கு அணைந்துவிட்டது. இப்போது வாசல் விளக்கையும் அணைக்கிறார்.

தங்கை